கப்பல்துறையில் பிள்ளையின் பெயர் கேட்டபோது

குழந்தைக்கு டிக்கெட் பாதி. வேலை இரண்டு மடங்கு. வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் நம் டிராவல் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்ததும் பெரியவர்களின் காகிதங்களைத்தான் முதலில் மேஜைமேல் வைப்பார்கள். “புள்ளைங்களுக்கு என்னுங்க பெருசா, எங்ககூடத்தான வருதுங்க” என்பார்கள். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். நான் இந்த நாற்காலியில் இருந்த காலத்தில் நின்றுபோன பயணங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளால் நின்றவைதான்.

அடுத்த வாரம் முதல் இந்த இடத்தில் நீங்கள் இருவரும் உட்காரப்போகிறீர்கள். நான் கோயம்புத்தூர்க் கிளைக்குப் பொறுப்பாளராகப் போகிறேன். என் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மேஜையில் நிற்கிறவர். அம்மா அதே கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவர். அவர்கள் மகள் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, டைப்ரைட்டிங் ஹையர் தேறி, இப்போது ஒரு கிளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. நாளைக்கு நீங்களும் இப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதால்தான் சொல்கிறேன்.

எந்த விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, எதில் யார் கையெழுத்து வேண்டும் என்பதை முதலாளி சொல்லித் தருவார். அலமாரியில் பழைய பைல்களும் இருக்கின்றன. கீழே பனியன் மெஷின் ஓடும்போது மேஜையில் மசிக்கூடு ஆடும், அதுவும் பழகிவிடும். பைலில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போதைய முறைப்படி சின்னக் குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட் தேவையில்லை. அம்மாவுடைய பாஸ்போர்ட்டில் ஒரு பக்கத்தில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்று எழுதி முத்திரை வைத்துவிடுவார்கள். குழந்தைக்குப் போட்டோ கிடையாது. அம்மை குத்தியதற்கான மஞ்சள் புத்தகத்திலும் பெயர்தான். அந்த நாட்டிலிருந்து வரும் அனுமதிக் கடிதத்திலும் பெயர்தான். எதிரே நிற்கிற பிள்ளைதான் அந்தப் பெயருக்குரிய பிள்ளை என்று இந்தக் காகிதங்கள் எதுவும் சொல்லாது. அதைப் பிள்ளையும் தாயும் அங்கே நின்றுதான் காட்ட வேண்டும்.

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒருவர் இரட்டைப் பையன்களோடு வந்தார். இரண்டு மஞ்சள் புத்தகமும் சரியாக இருந்தன. எனக்கென்னவோ பையன்களின் கையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சட்டைக் கையைத் தூக்கச் சொன்னேன். ஒருவன் கையில் இரண்டு தழும்பு. இன்னொருவன் கை வழவழவென்று இருந்தது.

“என்னங்கய்யா இது?” என்றேன்.

“அவன் ஊசியக் கண்டா ஓடிப் போயிருவானுங்க. இவன் கொஞ்சம் தைரியசாலி. அவனுக்கும் சேர்த்து இவனே குத்திக்கிட்டானுங்க” என்றார் அவர். குரலில் பெருமைதான் இருந்தது.

இது சிரித்துவிட்டு, மறுபடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி முடித்துவிடக்கூடிய சங்கதி. பாவாயி அக்கா விஷயம் அப்படியில்லை.

பாவாயி அக்காவுக்குப் பெருமாநல்லூர்ப் பக்கம் தோட்டம். கணவர் பினாங்கில் தன் மாமாவின் துணிக்கடையில் இருந்தார். திருப்பூர் பனியனை அங்கே விற்கிற கடை. சில வருஷத்துக்கு ஒரு முறை வருவார், போவார். மனைவி மக்களை அங்கேயே அழைத்துக்கொள்ள அவர் பல தடவை எழுதிப் போட்டு, கடைசியில் அனுமதி வந்தது. ஒரு தேதிக்குள் போய் இறங்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தத் தேதிக்குள் போகக்கூடிய கப்பல் ஒன்றுதான். அதை விட்டால் அனுமதி காலாவதி. மறுபடி கொடுப்பார்களா என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே விதிகளை இறுக்கிக்கொண்டிருந்த நேரம் அது.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் ஜோதி, நான்காம் வகுப்பு, வாயாடி. இளையவன் பள்ளிக்கூடம் போகும் வயது வராத பையன். அவனுக்குப் பெயர் நாச்சிமுத்து. அது அவன் தாத்தாவின் பெயர். நம் பக்கத்து வழக்கம்தானே, அப்பாவைப் பெற்றவர் பெயரைப் பேரனுக்கு வைப்பது.

எல்லாக் காரியங்களுக்கும் அந்தப் பெரியவர்தான், மாமனார் நாச்சிமுத்துதான், நம் ஆபீசுக்கு வருவார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. படி ஏறும்போதே “ஏனுங்க அம்மிணி, என்ற பேரனுக்குப் புத்தகம் வந்துருச்சுங்களா?” என்பார். போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் வந்தபோதும் அவரேதான் பதில் சொல்லியிருக்கிறார். பாவாயி அக்கா ஆபீசுக்கு வந்தாலும் சுவரோரம் நின்று கைரேகை வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு கேள்விகூட அவரை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை.

கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து. ஆண் துணை இல்லாமல் குழந்தைகளோடு போகிறவர் என்பதால், ஏற்றிவிட்டு வர என்னை அனுப்பினார் முதலாளி. பெரியவரும் வழியனுப்ப வந்தார். மூட்டை முடிச்சோடு ரயிலில் போனோம். பெரியவர் ஒரு தூக்குப்போசி நிறைய கச்சாயம் கொண்டுவந்திருந்தார். வெல்லமும் அரிசிமாவும் சேர்த்து எண்ணெயில் பொரித்த பலகாரம். அவரும் பையனும்தான் அதில் பாதியைத் தின்று தீர்த்தார்கள்.

ரயிலில் ஒன்றைக் கவனித்தேன். பாவாயி அக்கா மகளிடம் பேசுவது ஒரு மாதிரி, மகனிடம் பேசுவது ஒரு மாதிரி.

“ஏன்டி, எட்டிப் பார்க்காதேன்னா கேக்க மாட்டியா? உள்ள வாடி!”

இது மகளுக்கு. அதே மூச்சில் மகனுக்கு:

“சாமி, வெயிலு அடிக்குது, இக்கட்டால வந்து உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?”

மாமனார் பெயரைச் சுமக்கிற பிள்ளை. அவனை வாடா போடா என்றால் மாமனாரைச் சொன்னதுபோல. பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் முடியாது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவன் சாமிதான். எங்கள் தெருவிலும் இப்படிக் கூப்பிடுகிற வீடுகள் உண்டு என்பதால் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

கரூர் தாண்டியதும் ஜன்னலோர இடத்துக்கு ஜோதியும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள். அவள் அவன் காதருகே குனிந்து என்னவோ சொன்னாள். பையன் ஓவென்று கத்திக்கொண்டு அவள் சடையைப் பிடித்து இழுத்தான். பாவாயி அக்கா எழுந்து ஜோதியின் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார்.

“என்ன சொன்னாள்?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லீங்கக்கா” என்றாள் ஜோதி, தலையைத் தேய்த்துக்கொண்டே. நானும் விட்டுவிட்டேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகளைப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். கரையில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பாஸ்போர்ட் சோதனை. வழியனுப்ப வந்தவர்கள் கம்பிவலைக்கு வெளியே நிற்க வேண்டும். நமக்கு ஏஜென்ட் பாஸ் உண்டு, மேஜைவரை போகலாம். வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார் பெரியவர். உள்ளே வரிசையில் நாங்கள் நான்கு பேர்.

மேஜையில் இருந்த அதிகாரி வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். தமிழ் பேசுவார், பாடப்புத்தகத்தில் படித்த தமிழ். கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய கப்பலில்தான் யாரோ ஒரு பெண் தன் பிள்ளையின் பெயரில் அண்ணன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கரையில் பிடிபட்டிருக்கிறாள். மேலிடத்திலிருந்து இவரைக் கடுமையாகக் கேட்டிருந்தார்கள். அவருடைய நாற்காலியில் நானாக இருந்தாலும் அன்றைக்குப் பிள்ளைகளைக் கூர்ந்துதான் பார்த்திருப்பேன்.

பாஸ்போர்ட்டைப் புரட்டினார். நிமிர்ந்து பார்த்தார்.

“இந்தப் பெண்ணின் பெயர் என்ன?”

“ஜோதிங்க.”

“இந்தப் பையனின் பெயர் என்ன?”

பாவாயி அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

“உங்களைத்தான் கேட்கிறேன் அம்மா. பையன் பெயர்?”

“சாமிங்க.”

“இதில் அப்படி இல்லையே.”

“ஊட்டுல சாமீன்னுதானுங்க கூப்படறது.”

“வீட்டில் கூப்பிடுவது எனக்கு வேண்டாம். இதில் எழுதியிருக்கிற பெயரைச் சொல்லுங்கள்.”

பாவாயி அக்கா என்னைப் பார்த்தார். நான் முன்னால் வந்து, “சார், அது இவருடைய மாமனார் பெயர். எங்கள் பக்கத்தில் மருமகள்கள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பையன் பெயர் நாச்சி...” என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

“நீ ஏஜென்ட். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நான் தாயைக் கேட்கிறேன். புருஷன் பெயரைச் சொல்லாத பெண்களைப் பார்த்திருக்கிறேன். பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்லாத தாயை இன்றுதான் பார்க்கிறேன்.”

பிறப்புச் சான்றை எடுத்து வைத்தேன். அதை அவர் பார்க்கவும் இல்லை. “பாவாயிக்கு நாச்சிமுத்து என்று ஒரு பிள்ளை பிறந்ததை நான் மறுக்கவில்லையே. அந்தப் பிள்ளை இவன்தானா என்பதுதான் கேள்வி” என்றார். நியாயமான கேள்வி. சான்றைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பையன் மேஜை ஓரத்தில் இருந்த முத்திரைக் கட்டையைத் தொடப் போனான். பாவாயி அக்கா பதறி, “சாமி, அதத் தொடாதீங்க! இங்க வாங்க” என்றார். ஜோதி தம்பியை இழுக்கப் போனாள். “நீ சும்மா நில்றீ!” என்று அவளுக்கு ஓர் அதட்டு.

அதிகாரியின் முகம் மாறியது. பேனாவை மூடி வைத்தார்.

“பெண்ணை வாடி போடி என்கிறாள். பையனை வாங்க என்கிறாள். எந்தத் தாய் தன் வயிற்றில் பிறந்த பையனை வாங்க போங்க என்று கூப்பிடுவாள்? இது முதலாளி வீட்டுப் பிள்ளை. இவள் அந்த வீட்டில் வேலை செய்கிறவள். அப்படித்தானே?”

என் ஊர் மரியாதையே என் ஊர்க்காரிக்கு எதிராகச் சாட்சி சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் தன் தீர்ப்பைச் சொன்னார். “பெண்ணைப்பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. தாயும் பெண்ணும் போகலாம். பையன் இங்கே இருக்கட்டும்.”

எங்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். படகுகள் போய் வந்துகொண்டிருந்தன. வரிசை குறைந்துகொண்டே வந்தது.

கம்பிவலைக்கு ஓடினேன். பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி சத்தம் போட்டார்.

“பாவாயி! சொல்லு கண்ணு! நாந்தான் சொல்றனே. தப்பில்ல, சொல்லிப்போடு!”

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவாயி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. இந்த ஒரு பாஸ்போர்ட்டுக்காக நான் எத்தனை முறை மெட்ராஸுக்கு எழுதியிருக்கிறேன்! “அக்கா, ஒரே ஒரு பேருங்க. சொன்னா வாய் வெந்தா போகும்? சொல்லலேன்னா சாமிய உட்டுட்டுத்தான் போகணும், தெரியுதுங்களா?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தணிந்த குரலில் சொன்னார்:

“நான் கடலுக்கு அக்கட்ட போறனுங்க அம்மிணி. இங்கயே இருந்தா ஓடி வந்தாச்சும் பார்ப்பனுங்க. நான் பேரச் சொல்லி, நாளைக்கு மாமனாருக்கு ஒண்ணுன்னு ஆச்சுன்னா, மூஞ்சியப் பார்க்கக்கூட என்னால வர முடியாது. வாழ்நாளெல்லாம் நாந்தான் சொல்லிக் கொன்னுபோட்டன்னு இருக்கும். அதுக்கு நான் போகாமயே இருந்துக்கறனுங்க.”

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். பெயரைச் சொன்னால் ஆயுள் குறையும் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இன்றைக்கும் கிடையாது. ஆனால் அந்தக் கொட்டகையில் என் நம்பிக்கையால் யாருக்கும் பயனில்லை. இன்னும் கொஞ்சம் அதட்டியிருந்தால் அவர் சொல்லியிருக்கவும் கூடும். அப்படிச் சொல்ல வைத்து அனுப்பியிருந்தால், பினாங்கிலிருந்து ஒவ்வொரு தபாலும் வரும்போது, தந்தி என்ற சொல்லைக் கேட்கும்போது, அவர் என்ன பாடு பட்டிருப்பார்? நம்மிடம் வருகிறவர்களைக் கப்பல் ஏற்றுவதுதான் நம் வேலை. ஏற்றும்போது அவர்கள் தலையில் ஒரு கல்லையும் ஏற்றி அனுப்புவது நம் வேலை இல்லை.

சரி, இவர் சொல்ல மாட்டார். பெரியவர் சொன்னால் அதிகாரி ஏற்க மாட்டார். இன்னொருவர் பிள்ளையை அனுப்புகிறவனும் என் பேரன் என்றுதானே சொல்வான். நான் ஏஜென்ட். பையனுக்குத் தன் பெயர் சாமி என்றுதான் தெரியும். மிச்சம் யார்?

ஜோதி மூட்டைமேல் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். ரயிலில் குட்டு வாங்கிய இடம்.

அவள் அருகில் குந்தினேன். “ஏங்கண்ணு, ரயில்ல தம்பிகிட்ட என்ன சொன்ன?”

“ஒண்ணுமில்லீங்கக்கா.”

“அம்மா எதுக்குக் குட்டினாங்க?”

அவள் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். “அவன் பேரச் சொன்னனுங்க. பேரச் சொன்னா அவனுக்குக் கோவம் வந்துரும். அம்மாவுக்கும் கோவம் வந்துரும்.”

பெயர் அந்த வீட்டில் புழங்கத்தான் செய்தது. பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயராக இல்லை, வசவாக.

அவளைக் கையில் பிடித்துக்கொண்டு மேஜைக்குப் போனேன். “சார், இந்தப் பெண் பாவாயியின் மகள் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை என்றீர்கள். ஒரு தடவை இவள் அந்தப் பையனைக் கூப்பிடட்டும். நீங்கள் அந்த மூவரையும் மட்டும் பாருங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.”

“நீ சொல்லிக் கொடுத்திருப்பாய்.”

“பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் சார். அந்தப் பையனுக்கு நான் எப்போது சொல்லிக் கொடுத்தேன்? நாங்கள் பேசியதை அவன் கேட்கவே இல்லை.”

அவன் கொட்டகையின் ஓரத்தில் எங்களுக்கு முதுகு காட்டி நின்று, படகில் மூட்டை ஏற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி அவனைப் பார்த்தார், ஜோதியைப் பார்த்தார். “கூப்பிடு” என்றார்.

ஜோதி வாயைத் திறக்கவில்லை. “அம்மா அடிப்பாங்க” என்றாள்.

“ரயில்ல சொன்ன மாதிரியே சொல்லு கண்ணு. அதே மாதிரி” என்றேன்.

அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். பிறகு, அத்தனை நாளும் காதருகே மட்டும் சொல்ல முடிந்ததைக் கொட்டகை முழுக்கக் கேட்கச் சொல்லக் கிடைத்த சந்தோஷத்தோடு கத்தினாள்:

“டேய் நாச்சிமுத்து! கச்சாயத்திருடா நாச்சிமுத்து!”

பையன் சுழன்று திரும்பினான். ஓடிவந்து அவள் வயிற்றில் தலையால் முட்டினான். “அம்மா! அம்மா, பாருங்கம்மா, இவ என்னையப் பேரு சொல்றா!” என்று அலறிக்கொண்டே பாவாயி அக்காவின் காலைக் கட்டிக்கொண்டான்.

பாவாயி அக்காவுக்கு அதிகாரி மறந்துபோனார், கப்பல் மறந்துபோனது. மகனை ஒரு கையால் அணைத்துக்கொண்டே மறு கையால் ஜோதியின் முதுகில் பளீரென்று ஒன்று வைத்தார்.

“பெரியவிய பேர இப்பிடி நாலு பேருக்கு முன்னால கத்துவியாடி? உன்ற வாயில சூடு வெச்சாத்தான் அடங்குவியா?” உடனே குனிந்து, “அழுவாதீங்க சாமி. அவ கெடக்கறா. நீங்க அழுவாதீங்க” என்று முந்தானையால் மகன் மூக்கைத் துடைத்தார்.

ஜோதி பெருங்குரலெடுத்து அழுதாள். “சொல்லச் சொன்னதே இந்த அக்காதாம்மா!”

கம்பிவலைக்கு வெளியே பெரியவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். “சரி. இது குடும்பம்தான்” என்றார். முத்திரை விழுந்தது.

பாஸ்போர்ட்டை என் கையில் கொடுக்கும்போது, “அந்தக் கரையிலும் இதே கேள்வி கேட்பார்கள். அங்கே நீ இருக்க மாட்டாய். ஒவ்வொரு தடவையும் இந்தப் பெண் அடி வாங்க வேண்டுமா?” என்றார்.

அவர் சொன்னது சரி. அவர்கள் படகுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. பையனைக் கம்பிவலைக்கு அருகே தூக்கிக்கொண்டு போனேன். பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கம்பியின் ஓட்டையில் விரலை விட்டார். பையன் அதைப் பிடித்துக்கொண்டான்.

“உங்க பேரு என்னுங்க சாமி?”

“சாமி.”

“இல்லீங்க. நாச்சிமுத்து. சொல்லுங்க பார்க்கலாம்.”

“அது நீங்க, அப்பாரு” என்றான் தாத்தாவைப் பார்த்து.

“எனக்கு எதுக்குங்க சாமி பேரு? இங்க என்னைத் தெரியாதவிய யாரு இருக்கறாங்க? நீங்கதான் யாருக்கும் தெரியாத ஊருக்குப் போறீங்க. அங்க பேரு வேணுமில்லீங்களா? அதனால நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க. அவிய பேரென்னன்னு கேட்டா என்ன சொல்லோணும்?”

பையன் திரும்பி அம்மா எங்கே என்று பார்த்தான். அவர் தூரத்தில் மூட்டைகளை எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு மிக மெல்லச் சொன்னான்: “நாச்சிமுத்துங்க.”

“காதுல சொல்ற மாதிரி இல்லீங்க, கெட்டியா.”

“நாச்சிமுத்துங்க!”

“அது!” என்றார் பெரியவர். விரலை உருவிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

படகு கரையை விட்டு விலகியபோது அவர் தண்ணீர் ஓரம்வரை வந்துவிட்டார். வாய்க்குக் கையைக் குவித்து, தன் பெயரைத் தானே கடலைப் பார்த்துக் கூப்பிட்டார். “நாச்சிமுத்தூ!” அலைச் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். படகிலிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது: “ஏனுங்க!” பாவாயி அக்கா இரண்டு காதையும் முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கரையிலிருந்தே தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். குடும்பம் வந்து உட்கார்ந்ததும் காகிதத்தை வாங்கி ஒதுக்கி வைத்துவிட்டு, அதில் உள்ள குழந்தையின் பெயரைச் சும்மா ஒரு தடவை கூப்பிடுவேன். யார் திரும்புகிறார்கள் என்று பார்ப்பேன். குழந்தை திரும்பினால் சரி. தாத்தா திரும்பினால், நமக்கு வேலை இருக்கிறது. பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ போய் மேஜைமுன் நிற்கப் போவது யாரோ, அவர்களிடம் கேள்வி கேளுங்கள். இங்கே பதில் சொல்வது வீட்டு ஆண்களாக இருக்கும். அங்கே நிற்பது பெண்களாக இருக்கும். இந்த வழக்கத்தைப் பார்த்து முதலாளி முதலில் சிரித்தார். இப்போது அவரே கூப்பிடுகிறார். நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

பெரியவர் அப்புறமும் ஒரு நாள் நம் ஆபீசுக்கு வந்தார். காரியம் ஒன்றும் இல்லை. சந்தைக்கு வந்தவர் படியேறிவிட்டார்.

“போய் எறங்குன எடத்துல பேரு கேட்டாங்களாமா. இவனே முந்திக்கிட்டுச் சொல்லிப்போட்டானாமா” என்றார்.

“அக்கா இப்பவாவது சொல்றாங்களா?”

“அவளா? அவ இன்னும் சாமிதானுங்க.” உட்கார்ந்து மூச்சு வாங்கினார். “பள்ளிக்கூடத்துல சேத்திருக்கறாங்களாமுங்க. வாத்தியாரு தெனமும் காலைல என்ற பேரச் சத்தமாக் கூப்படறாராமா. அதக் கேட்டு அவளுக்குத்தான் கலக்கமா இருக்குதாமுங்க. மகன் எழுதியிருக்கறான்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த டைப்ரைட்டரைக் காட்டினார்.

“அம்மிணி, அவளுக்கு ஒரு கடுதாசி போடோணுமுங்க. எனக்கு எழுத வராது. வேற ஒண்ணும் எழுத வேண்டாமுங்க. அங்க அவிய தெனமும் என்ற பேரச் சொல்றாங்க, இங்க நான் நல்லாத்தான் இருக்கறன்னு மட்டும் எழுதுங்க.”

டைப்ரைட்டர் ஆங்கிலம். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, பேனாவை எடுத்துத் தமிழில் எழுதினேன்.